ஒரே வீதி, ஒரே பாஸ்வேர்டு

எங்கள் வீதியில் டீ குடிக்கப் போகிறவர்கூடக் கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அதுதான் மரியாதை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால், "என்ன, எங்களையெல்லாம் நம்பலையோ?" என்று ஒரு வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இந்த வழக்கம் இருப்பதால்தான் இங்கே திருட்டே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். யாருடைய சாவி யாருடைய கடையில் கிடக்கிறது என்று எங்களுக்கே தெரியாது, திருடன் என்ன செய்வான் பாவம்.

என் பெயர் இன்பம். சங்கரன்கோவில் கடைவீதியில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். நோட்டு, பேனா, ரிப்பன், வளையல், கிப்ட் பேப்பர் எல்லாம் கிடைக்கும். என் கடையை ஒட்டியிருக்கும் சின்னக் கடைதான் பெனிட்டாவுடையது. கேமரா மாட்டுவது, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் தொழில். சொல்லப்போவது அவளுடைய கதை. எங்கள் வீதி அவள் வாயை எப்படி மூடியது என்ற கதை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பெனிட்டாவுக்குச் சொந்த ஊர் ராயகிரி. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மினி பஸ் ஓட்டும் எஸ்ராவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். சுடிதாரோடு ஏணியில் ஏறி, பல்லில் ஒயரைக் கடித்துக்கொண்டு அவள் வேலை பார்ப்பதை முதலில் வீதியே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது. வேலையில் குறை சொல்ல ஆளில்லை. குறை அவள் வாயில்தான். எங்கேயாவது ஒன்று சரியில்லை என்று கண்ணில் பட்டுவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது எழுந்து போய், "மைக் கரகரங்குது ஐயா" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவாள். ஒருநாள் கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் போகும்போது எதிரே நின்ற ஒரு பெரிய மனிதரிடம், "அண்ணாச்சி, பேண்ட் ஜிப் தொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாளாம், பஸ்ஸுக்கே கேட்டுவிட்டது. அந்த மனிதர் ஜிப்பைப் போடவில்லை. "பொம்பளைப் பிள்ளை பாக்குத பார்வையா இது?" என்று கண்டக்டரிடம் சண்டை பிடித்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். இறங்கும்போதும் ஜிப் திறந்தேதான் இருந்ததாம்.

இதற்கு மேல் நான் சொல்லப்போகிறது எல்லாம் அந்த பஸ் கதைதான், கொஞ்சம் பெரிதாக நடந்தது.

எங்கள் வர்த்தகர் சங்கத்துக்குச் செயலாளர் பெத்துராஜ் அண்ணாச்சி. வீதியிலேயே பெரிய ஜவுளிக்கடை அவருடையது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய "நம்ம வீதி, நம்ம ஜனம்". கடை வாசலில் கிடந்த ஒரு சைக்கிள் காணாமல் போனதும் வீதி முழுக்கக் கேமரா மாட்ட வேண்டும் என்று அவர்தான் கிளம்பினார். சாம்ராஜ் என்ற பையன் வந்து எல்லாக் கடைக்கும் மாட்டிக் கொடுத்தான். செல்போனிலேயே கடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அப்புறம்தான் கேள்வி வந்தது, பாஸ்வேர்டு என்ன வைப்பது? ஆளுக்கொன்று வைத்தால் மறந்துபோகும். பக்கத்துக் கடைக்காரர் அவசரத்துக்குத் திறந்து பார்க்க முடியாது. சாவி விஷயம் வேறு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று கமிட்டி முடிவு செய்தது. கோமதி அம்மன் பெயரும் அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்றும். "ஒரே வீதி, ஒரே பாஸ்வேர்டு" என்று பெத்துராஜ் அண்ணாச்சி சொன்னதும் கைதட்டல் அடங்க நேரமானது.

அதோடு விட்டார்களா? சங்கம் வருஷா வருஷம் காலண்டர் அடித்து இலவசமாகக் கொடுக்கும். அதன் அடியில் 'அவசரத் தேவைக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், கரண்ட் ஆபீஸ் நம்பர்களுக்குக் கீழே 'கேமரா பாஸ்வேர்டு' என்று அதையும் அச்சடித்துவிட்டார்கள். டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்ட் வெற்றிலைக் கடை என்று ஊரெல்லாம் அந்தக் காலண்டர் தொங்கியது. காப்பிக் கறையோடு என் கடையிலும் தொங்கியது.

சாம்ராஜ் வெளிநாடு போய்விட்டான். கேமராக்களைப் பராமரிக்கும் வருஷ ஒப்பந்தத்தைச் சங்கம் பெனிட்டாவுக்குக் கொடுத்தது. அவள் பிழைப்பே அதில்தான் ஓடியது. கடைக்கு வரும் சில்லறை வேலையெல்லாம் வாடகைக்கே போதாது. ஒப்பந்தம் கைக்கு வந்த வேகத்தில் அவள் கண்ணில் காலண்டர் பட்டது.

முதலில் பெத்துராஜ் அண்ணாச்சியிடம் போனாள். "அண்ணாச்சி, இதை மாத்தியே ஆகணும். உலகத்துல எங்கன இருந்தும் எவனும் நம்ம கடைக்குள்ள பாக்கலாம்" என்றாள்.

"உலகத்துல இருக்கவனுக்கு நம்ம கடையைப் பாக்குததுதான் வேலையா? அம்மன் பேரு வச்சிருக்கோம். அம்மன் பாத்துக்கிடுவா, நீ ஒயரைப் பாரு" என்றார் அவர்.

பிறகு கடை கடையாக ஏறினாள். எல்லோரும் நல்லவர்கள், யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் போனால் யாவார நேரம் என்றார்கள். ஒருவர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இப்படியே வைகாசி போய், ஆனி போய், ஆடி வந்துவிட்டது. கோமதி அம்மன் தபசுத் திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், அதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். எனக்கே சலிப்பாக இருந்தது. "ஏட்டி, உனக்கென்ன வந்துச்சு? மாசக் கணக்கை வாங்குனமா, போனமான்னு இரேன்" என்றேன்.

"பூட்டாத கடையைக் காவல் காக்க நான் எதுக்குக்கா?" என்றாள்.

அப்போதுதான் அவள் ஒரு டூலைப் பற்றிச் சொன்னாள். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நெட்டில் போட்டு வைத்திருக்கிறாராம். அதைப் போனில் ஏற்றி ஓடவிட்டால், ஒரு பகுதியில் என்னென்ன கேமராக்கள் நெட்டில் இருக்கின்றன என்று தேடும். சாமி பெயர், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜனங்கள் வழக்கமாக வைக்கிற பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். எது திறக்கிறதோ அதைச் சிவப்பில் காட்டும், அதைத் தொட்டால் கேமராவில் விழுவது அப்படியே போனில் தெரியும். கண்ணால் பார்த்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். சங்கத்து வாட்ஸப் குரூப்பில் அதன் லிங்க்கைப் போட்டு, தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டாள். "எல்லாரும் அவங்கவங்க கடையைச் சோதிச்சுப் பாருங்க. சிவப்புன்னு வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, நான் வந்து மாத்தித் தாரேன்."

பாவம் அந்தப் பிள்ளை. இத்தனை வருஷம் எங்களோடு பழகியும் எங்களைத் தெரிந்துகொள்ளவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் வீதியில் யாவாரம் நின்றுபோனது. கடைக்கு வருகிறவர்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. எவரும் தன் கடையைச் சோதிக்கவில்லை. அத்தனை பேரும் அடுத்தவர் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

வெள்ளிக்கிழமை விரதம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் குடோனில் மூட்டை மறைவில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். செருப்புக்கடை அண்ணாச்சி கண்ணாடி முன்னால் நின்று தலைக்குச் சாயம் பூசினார். பாத்திரக்கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் ஏதோ ஒட்டியிருந்தது என்று ஒருவர் சத்தியம் செய்தார். இதையெல்லாம் நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆளாளுக்கு என் கடைக்கு வந்து போனை நீட்டினார்கள். தன் கடையை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

அடுத்த நாள் எல்லோரும் ஒரே கடையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பெத்துராஜ் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை.

அங்கே வேலை பார்க்கும் பெண்கள் காலையில் வந்தால் கடை அடைக்கும் வரைக்கும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடைக்கு மூதேவி வரும் என்பது அண்ணாச்சியின் கொள்கை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது, அவர்தான் முதல் ஆளாக நாற்காலிகள் வாங்கிப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். நாங்களும் பூங்கொத்துப் படம் போட்டோம். அந்த நாற்காலிகள் இப்போது கேமராவில் தெரிந்தன. குடோன் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கிடந்தன. அதன் பக்கத்தில் பூமாரி என்ற பெண் நின்றுகொண்டே டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒரு கையில் டப்பா, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலி அடுக்கில் சாய்ந்து நின்றாள்.

குரூப்பில் யாரோ அந்தப் படத்தைப் போட்டுவிட்டு உடனே அழித்தார்கள். அழித்தார்கள் என்றாலே எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அன்று சாயங்காலமே சங்க அலுவலகத்தில் அவசரக் கூட்டம் என்று பெத்துராஜ் அண்ணாச்சி அறிவித்தார்.

கூட்டத்தில் நாற்காலி என்ற வார்த்தையையே யாரும் எடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"கத்தி விக்கலாம், தப்பில்ல" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "ஆனா நடுரோட்டுல கத்தியைக் கொட்டி வச்சு, யாருக்கு வேணுமோ எடுத்துக்கோங்கன்னு சொல்லலாமாவே? இந்தப் பிள்ளை அதைத்தான் செஞ்சிருக்கு. இந்த மாதிரி டூலையெல்லாம் நெட்டுல பொதுவாப் போடுததைக் கவர்மெண்டே தடை பண்ணணும். நம்ம வீதியில நாம மொதல்ல தடை பண்ணுவோம்."

அப்படியொன்றும் கேட்கச் சகிக்காத பேச்சு இல்லை. பாதிப் பேருக்குத் தலை ஆடியது. புரோட்டா சாப்பிட்டவருக்கு ரொம்ப ஆடியது.

பெனிட்டா எழுந்தாள். "அண்ணாச்சி, இது கத்தி இல்ல. பூட்டை இழுத்துப் பாக்குத கை. இழுத்தா கையோட வருதுன்னா பூட்டைத்தான் மாத்தணும். களவாணிப் பயகிட்ட இந்த டூல் எப்பவோ இருக்கு. அவன் நம்ம குரூப்பைப் பாத்துட்டா படிச்சுக்கிடப் போறான்? இல்லாம இருந்தது நம்மகிட்டதான். நான் வாயால சொன்னப்ப நீங்க யாரும் கேக்கலையே?"

அப்போது சாஜிதா பானு எழுந்தாள். லேடீஸ் டெய்லர், என்னைப் போலவே சங்கத்தில் இருக்கும் ஒருசில பெண்களில் ஒருத்தி. அவள் பேசியது மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் எனக்கு உறைத்தது.

"நீ சொல்லுதது சரிதான் பெனிட்டா. களவாணிகிட்ட இருக்கலாம். ஆனா இந்த வீதியில இருக்கவங்ககிட்ட இல்லையே? நேத்து வரைக்கும் என் கடைக்குள்ள எட்டிப் பாக்கத் தெரியாத ஆளுகல்லாம் உன் லிங்க்கை வச்சுத்தானே பாத்தாங்க? நான் அளவெடுக்குத இடம் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கு, கேமராவுல விழாது. விழாதுன்னு சொன்னா எவ நம்புதா? ரெண்டு பிள்ளைக இனிமே வரமாட்டோம்னுட்டாளுக."

பெனிட்டா சாஜிதாவின் பக்கம் திரும்பினாள். அண்ணாச்சியிடம் பேசிய வேகமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "அக்கா, உங்க விஷயத்துல நான் செஞ்சது தப்புதான்" என்றாள். "எல்லாரும் அவங்கவங்க கடையைத்தான் பாப்பாங்கன்னு நெனச்சுட்டேன்."

"என்கிட்டயும் நீ வந்து சொன்ன, நான்தான் நாளைக்கு வான்னு அனுப்புனேன். அதையும் சொல்லணும்லா" என்று சொல்லிவிட்டு சாஜிதா உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் நேர்மையாகப் பேசியது அவர்கள் இருவரும்தான். ஆனால் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம்.

பெனிட்டா எல்லோரையும் பார்த்தாள். "லிங்க்கை எடுத்துருதேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தன் கடையைச் சோதிச்சுப் பாத்தவங்க கையைத் தூக்குங்க."

சாஜிதாவின் கை மட்டும் எழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் திடீரென்று சுவரைப் பார்த்தார்கள். சுவரில் காலண்டர் தொங்கியது.

நானும் சும்மா இருக்கவில்லை. "தடை பண்ணணும்னா பாத்தவங்களையில்லா மொதல்ல தடை பண்ணணும்" என்றேன். "இன்பம், நீ ஸ்டேஷனரிக் கடை, உனக்கு டெக்னிக்கல் தெரியாது" என்று அண்ணாச்சி என்னை உட்கார வைத்துவிட்டார். அவருக்கு என்ன டெக்னிக்கல் தெரியும் என்று கேட்பதற்குள் தீர்மானம் வாசிக்கப்பட்டுவிட்டது. பொதுநலன் கருதி, கேமராக்களைத் திறக்கக்கூடிய கருவிகளை உறுப்பினர்கள் யாரும் வைத்திருக்கவோ பகிரவோ கூடாது. அவசியம் கருதி அத்தகைய கருவி செயலாளரின் பொறுப்பில் மட்டும் இருக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் பெனிட்டாவிடமிருந்து எடுக்கப்பட்டு, செயலாளரின் மருமகன் லிங்கேஷுக்குக் கொடுக்கப்படுகிறது. ஏகமனதாக நிறைவேறியது. நான் கை தூக்கவில்லை, இருந்தாலும் ஏகமனதுதான்.

எல்லாக் கடையையும் எல்லோரும் பார்ப்பது ஆபத்து என்றுதானே கூட்டம் போட்டோம்? இப்போது எல்லாக் கடையையும் ஒரே ஒருவர் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று தீர்மானத்தில் ஒரு வரி இல்லை. மறுநாளே பெனிட்டாவைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டது சாஜிதா மட்டும்தான்.

ஒப்பந்தம் போனதும் பெனிட்டாவுக்குக் கஷ்டமாகிவிட்டது. எஸ்ரா கூடுதல் டிரிப் எடுத்தான். இவள் பிரிண்டருக்கு மை ஊற்றினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் பிரிண்ட் போட்டாள். பழைய ஆட்கள் அவள் கடைப்பக்கம் திரும்பவில்லை. ஹேக்கர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வீதியில் அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் எழுதத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

ஆனால் ஒரு நல்லதும் நடந்தது. யார் போனில் அந்த டூல் இன்னும் இருக்கிறது, யார் எப்போது எட்டிப் பார்ப்பார்கள் என்று பெத்துராஜ் அண்ணாச்சிக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் கயிற்றை அறுத்து நாற்காலிகளைக் கடைக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார். பூமாரி ஒருநாள் பெனிட்டா கடைக்கு வந்து, "உங்க புண்ணியத்துல உக்காருதோம்க்கா" என்றாள்.

பெனிட்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அதுக்காகப் போடலட்டி. நீ சாப்பிடுததை ஊரே பாத்திருக்கு, அதுக்குப் போயி நன்றி சொல்லுத" என்றாள்.

"ஊரு பாத்தா என்னக்கா? நான் நின்னுக்கிட்டுல்லா இருந்தேன். அதைப் பாக்கட்டும்" என்றாள் பூமாரி. எனக்கு இன்றுவரை தெரியாது, அவர்கள் இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று.

தை பிறப்பதற்கு முன்னால் புதுக் காலண்டர் வந்தது. வழவழ தாளில் அம்மன் படம், அடியில் அவசரத் தேவைக் கட்டம். கட்டத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'ஹேக்கிங் கருவிகளைப் பகிர்வது சங்க விதிப்படி குற்றம்' என்று போட்டிருந்தார்கள். கட்டத்துக்கு உள்ளே புதுப் பாஸ்வேர்டு. லிங்கேஷ் கஷ்டப்பட்டு யோசித்திருக்கிறான். பழையதன் கடைசியில் ஒரு நாலு சேர்த்திருந்தான்.

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெனிட்டா சிரிக்கவில்லை. போனை எடுத்துவிட்டாள். "வேண்டாம்ட்டி, உனக்கும் அவுகளுக்கும்தான் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டுல்லா" என்று நான் தடுக்கத் தடுக்கப் பேசிவிட்டாள்.

"அண்ணாச்சி, புதுப் பாஸ்வேர்டும் சரியில்ல. நாலைச் சேத்தா ஒண்ணும் ஆகாது. தயவுசெஞ்சு மாத்தச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் என் காதிலேயே விழுந்தது. "நாலு சேத்தது உனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"காலண்டர்ல போட்டிருக்கே அண்ணாச்சி."

"எந்தக் காலண்டர்ல? நீ எங்க சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சிருக்க! இரு, உன்னை என்ன செய்யணுமோ செய்யுதேன்!"

காலண்டரை அடித்தது அவர். அதில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருவர்தான் படிக்கவில்லை போலிருக்கிறது. கடைவீதி புறக்காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். சங்கத்தின் ரகசியப் பாஸ்வேர்டு இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் ஹேக் செய்திருக்கிறாள். பெனிட்டாவோடு துணைக்கு நானும் போனேன். எஸ்ரா மினி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வந்து வாசலில் நின்றான். கேஸ் என்று ஒன்று பதிவாகிவிட்டால் எந்தக் கடைக்காரரும் அவளைப் படியேற விடமாட்டார்கள், பிழைப்பு அன்றோடு முடிந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சப்-இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். முழுப் புகாரையும் வாசித்தார். "ரகசியப் பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுங்க" என்றார்.

"அதைச் சொல்லக் கூடாதுங்களே" என்றார் பெத்துராஜ் அண்ணாச்சி.

பெனிட்டா சப்-இன்ஸ்பெக்டரின் தலைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். சங்கம் அன்பளிப்பாகக் கொடுத்த புதுக் காலண்டர் அங்கே தொங்கியது. எழுந்து கிட்டப் போய்ப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தோள் குலுங்கியது, ஆனால் முகத்தை எங்கள் பக்கம் திருப்பும்போது சிரிப்பு இல்லை.

முடிந்தது, அண்ணாச்சிக்கு நல்ல டோஸ் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் அண்ணாச்சிக்கு டீ சொன்னார். பெனிட்டாவைப் பார்த்து, "ஏம்மா, அவங்க பாஸ்வேர்டு எப்படி இருந்தா உனக்கு என்ன? உன்கிட்டக் கேட்டாங்களா? பெரிய மனுஷங்களோட எதுக்கு வம்பு? ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போ, கேஸ் வேண்டாம்" என்றார்.

என்ன எழுத வேண்டும் என்று அண்ணாச்சியே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'இனிமேல் யாருடைய கேமராவோ கம்ப்யூட்டரோ பாதுகாப்பு இல்லாமல் இருந்தாலும் அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' பேனா என் கடைப் பேனாதான். கையெழுத்துப் போடும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்த்துப் போட வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஜவுளிக்கடைப் பக்கம் போனேன். பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகளைக் காணோம். பூமாரி பேறுகாலத்துக்குப் போயிருந்தாள், அவள் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றாள். "சேர் எங்கம்மா?" என்று கேட்டேன். "நேத்து சாயந்தரமே குடோனுக்குக் கொண்டுபோய்ட்டாங்கக்கா. அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்துட்டா, இனிமே பயமில்லன்னு அண்ணாச்சி சொன்னாரு" என்றாள்.

பெனிட்டா மாறிப்போனாள். சர்ச்சில் மைக் கரகரத்தால் அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று எஸ்ராவே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டான். என் கடை போர்டில் ஒரு பல்பு எரியவில்லை, அதைக்கூடச் சொல்லாமல் அடியில் நடந்து போனாள். நானாகக் கேட்டதற்கு, "பாத்தேன்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த வாரம் சப்-இன்ஸ்பெக்டர் அவள் கடைக்கு வந்தார். யூனிபார்ம் இல்லை, டி-ஷர்ட்டும் பைக்கும். நான் என் கடை வாசலில் கிப்ட் பேப்பர் சுருட்டிக்கொண்டிருந்தேன், பேச்சு நன்றாகவே கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்று இழுத்தார். "எங்க வீட்லயும் முன்னாடி அந்த சாம்ராஜ்தான் கேமரா மாட்டுனான். வாசல்ல ஒண்ணு, ஹால்ல ஒண்ணு. வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு. உன் மேல வந்த புகாரைப் பாத்ததுல இருந்து ஒரு உறுத்தல். அந்த டூலைப் போட்டு நம்ம வீடு எப்படியிருக்குன்னு ஒருக்கா பாத்துச் சொல்லேன். தொறந்திருந்தா நீயே மாத்திக் கொடுத்துரு."

பெனிட்டா கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"எழுதிக் கொடுத்திருக்கேனே சார். சொல்லமாட்டேன்னு."

"அட, அது சும்மா ஒரு பேப்பரும்மா. பெரியவருக்காக வாங்குனது."

"சும்மா பேப்பர்னா கிழிச்சுட்டு வாங்க சார். அவர்கிட்ட இருக்க ஜெராக்ஸையும் வாங்கிக் கிழிச்சுட்டு வாங்க. வந்தா அந்த நிமிஷமே பாத்துத் தாரேன், காசும் வேண்டாம்."

அவர் பைக் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எதிரே இருந்த ஜவுளிக்கடையைப் பார்த்தார். "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இப்போது பங்குனி வந்துவிட்டது. அந்தப் பேப்பரை அவர் இன்னும் கிழிக்கவில்லை. அவர் வீட்டுக் கேமரா எப்படியிருக்கிறது என்று பெனிட்டாவிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள், வாசலைப் பார்த்துக்கொண்டே.